முழங்கைக்காரர்

அருப்புக்கோட்டையில் என் மைக்செட் கடைக்குள், ஆம்ப்ளிபயர் அலமாரிக்கு மேலே உள்ள சுவரில், கொஞ்சம் வெளிநாட்டுக்காரர்கள் ஒட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பொங்கலுக்குக் குழாய் ஸ்பீக்கர் பேச வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவுகள்லாம் யாருண்ணே, கம்பெனி மொதலாளிமாரா?" என்று கேட்பார்கள். "ஆமா, இவுக இல்லேன்னா இந்தக் கடையில எனக்குப் பொழுதே போகாது" என்பேன். அதில் பாதி உண்மை.

அவர்கள் ராக் வாசித்தவர்கள். ராக் என்றால் என்னவென்று என்னிடம் இலக்கணம் கேட்கக்கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். டிரம்ஸும் கிடாரும் வரப்புத் தகராறு மாதிரி ஆரம்பித்து, ஒரே இலையில் சாப்பிடுவது மாதிரி முடிகிற பாட்டு. எனக்கு எட்டியது இவ்வளவுதான்.

அதை எங்களுக்குக் கொண்டுவந்தவர் எதிர்க்கடைப் பாய். வளைகுடாவில் லாரி ஓட்டியவர். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் செண்டும் தைலமும் கொண்டுவந்தால் இவர் பை நிறையக் கேசட் கொண்டுவந்தார். "பாலைவனத்துல ரோடு கோடு போட்ட மாதிரி போகும்யா. கண்ணு சொக்கும். இதப் போட்டுட்டா பேயிக்கே தூக்கம் வராது" என்றார். நான் கடை டேப் செட்டில் போட்டேன். பக்கத்துச் சலூன்காரர் ஓடிவந்து, "எதுவும் தீஞ்சிருச்சா?" என்று கேட்டார். அதுதான் ஆரம்பம்.

அங்கே விற்ற கேசட்டுகளின் உறையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது அரபியில் இருக்கும். ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் வராது. அரபி எழுத்தைப் பாய் கூட்டி வாசிப்பார். வாசித்து வருகிற பெயர் படத்தில் உள்ள எவருக்கும் பொருந்தாது. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். நெற்றியில் துணி கட்டியவர் நெத்திப்பட்டை. குண்டாகச் சிரித்துக்கொண்டு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பலசரக்கு அண்ணாச்சி. இன்றைக்குப் பென்டிரைவ் வந்து, போன் வந்து, எல்லோருடைய ஊரும் பேரும் விரல்நுனியில் கிடைத்தாலும் எங்களுக்கு அவர் பலசரக்கு அண்ணாச்சிதான்.

சுவரில் ஏற்றுவதற்குச் சட்டம் உண்டு. பாடுகிறவருக்கு இடம் கிடையாது. உலகம் கொண்டாடிவிட்ட ஆளுக்கும் கிடையாது. "ஊருக்கே தெரிஞ்சவுகளுக்கு நம்ம சொவரு எதுக்கு? சுண்ணாம்பு வீணு" என்பார் பாய். பின்னால் நின்று வாசித்துவிட்டு, கைதட்டு வாங்காமல் வீட்டுக்குப் போனவர்களுக்குத்தான் சுவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேர் கூடுவோம். நாலு பேரும் சரி என்றால்தான் ஏற்றுவோம்.

மூன்றாவது ஆள் திருச்சுழித் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற தம்பி. எங்களைவிட வயதில் சின்னவன். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவான். அவன்தான் ஒரு நாள் சொன்னான், ராக் வாசித்தவர்களுக்காகவே வெளிநாட்டில் ஒரு புகழ் மண்டபம் இருக்கிறதாம், வருடா வருடம் ஆள் எடுக்கிறார்களாம் என்று.

"மண்டபமா? ஏ.சி.யா, சாதாவா?" என்றார் பாய்.

"கல்யாண மண்டபம் இல்ல பாய். பேரும் படமும் வைக்கிற எடம். எடுக்காம விட்டவுகளுக்காக ரசிகர்க வருசா வருசம் சண்டை போடுறாக. மனுகூட எழுதுறாக."

"மனுவா! அப்ப நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரின்னு சொல்லு."

"அதே மாதிரிதான். அங்கயும் வருசக்கணக்கா பெண்டிங்."

அன்றையிலிருந்து எங்கள் சுவருக்கு மண்டபம் என்று பெயர்.

நாலாவது ஆளைச் சொல்ல வேண்டும். அவர் பரளச்சிக்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மழை பெய்தால் கரிசலில் கொத்தமல்லியும் மக்காச்சோளமும் போடுவார். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிடார் வாசிப்பார். தடிமனான நாலு கம்பி. வாசித்தால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ 'ம்' கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். மேடையில் பாடகர் முன்னால் நிற்பார், கீபோர்டுக்காரர் பக்கத்தில் நிற்பார், அண்ணன் திரைக்கும் ஜெனரேட்டர் வயருக்கும் நடுவில் நிற்பார்.

குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. பாடகர் குரலை இரண்டு ஊருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எறியும். பேஸ் கிடாரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடும். அந்த அடித்தொனி தகரத்துக்குள் நுழையாது. மேடையோரம் பெரிய பெட்டி ஸ்பீக்கர் இருந்தால் அதைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கேட்கும், அவ்வளவுதான். கச்சேரி நடக்கும்போது சத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க நான் தள்ளிப் போய் நிற்பது வழக்கம். பருத்திக்காட்டு ஓரத்தில் நின்று கேட்டால் அண்ணன் அந்தக் கச்சேரியிலேயே இல்லை. ஒரு தடவை மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். "கடைசி ஆளுக்கு ஒங்க வாசிப்பு வரலண்ணே."

"வராட்டி என்ன? நிப்பாட்டினா தெரிஞ்சுட்டுப் போகுது" என்று சிரித்தார்.

தெரியவும் செய்தது. ஓர் ஊர்ப் பொங்கலில் அவர் பெட்டியின் பியூஸ் பாட்டுக்கு நடுவில் போய்விட்டது. பாடகர் தாளத்தைப் பிடிக்கத் தடுமாறினார். டிரம்ஸ்காரர் அவரைத் துரத்திக்கொண்டு ஓடினார். அண்ணன் வாசிப்பைக் காதால் கேட்டிராத கடைசி வரிசைக்காரர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்கள். ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. நான் பியூஸ் மாற்றினேன். ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த அண்ணன்தான் முழங்கைக்காரருக்காக வாதாடியவர்.

பாயின் கேசட்டுகளில் ஒன்றின் உறையில் ஐந்து பேர் கொண்ட குழுவின் படம். பாடகர் வாயைத் திறந்துகொண்டிருப்பார். மூன்று பேர் முகம் தெரியும். வலது ஓரத்தில் ஒரு முழங்கையும், ஒரு கிடாரின் கழுத்தும் மட்டும் தெரியும். மிச்சம் உறைக்கு வெளியே போய்விட்டது. அண்ணன் அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு, "இந்தப் பாட்டையெல்லாம் தாங்கிப் பிடிக்கிறது இந்த முழங்கைதான். இவர ஏத்தணும்" என்றார்.

"மூஞ்சியே இல்லாத ஆள எப்படிண்ணே ஏத்துறது?" என்றான் திருச்சுழித் தம்பி. அவன் நெத்திப்பட்டை கட்சி. மேடையில் பதிந்த ஒரு பாட்டில் பெரிய கிடார்க்காரருடைய கம்பி அறுந்துவிடும். கம்பி மாற்றுகிற வரைக்கும் நெத்திப்பட்டை ஒற்றை ஆளாகப் பாட்டைச் சுமப்பார். கம்பி மாட்டியதும் கூட்டம் பெரியவருக்குக் கைதட்டும். அந்த அநியாயத்தைத் தம்பியால் பொறுக்க முடியாது.

"ஏன், மூஞ்சியா வாசிக்குது?" என்றார் அண்ணன்.

"முழங்கையும் வாசிக்காதுய்யா. ஒரு வெரலாச்சும் தெரியணும்ல?" என்றார் பாய்.

நான் என் பங்குக்கு, "நாளைக்கு ஒருத்தன் இது யாருன்னு கேட்டா முழங்கைன்னா சொல்ல முடியும்? பரோட்டாக் கடையில மாவு பெசையிற ஆளான்னு கேப்பான்" என்றேன்.

"கேக்கட்டும். முழங்கை இல்லாம எந்தக் கடையில பரோட்டா வந்துச்சு?"

நெத்திப்பட்டை ஏறினார். பலசரக்கு அண்ணாச்சி ஏறினார். முழங்கை மட்டும் பெண்டிங்கிலேயே கிடந்தது. அண்ணன் சளைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போகும்போது, "அவர் விசயம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

மல்லி பூத்திருந்த சமயம் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. மதுரைக்குக் கொண்டுபோய், அடைப்பு இருக்கிறது என்று ஸ்டெண்ட் வைத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கடையில் உட்கார்ந்திருந்தோம். பாட்டுப் போடத் தோன்றவில்லை. பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "நம்ம ஆளையே ஏத்துவோம்யா. இவுகளவிட யாரு பின்னால நின்னாக?"

தம்பி உடனே, "அந்த மண்டபத்துல பல பேர செத்த பெறகுதான் ஏத்துறாக. அவுகளுக்குத் தெரியவா போகுது? நாம அண்ணன் இருக்கும்போதே ஏத்திருவோம்" என்றான். மூன்று பேருக்கும் கண் கலங்கிப்போயிற்று. கண் கலங்கினால் புத்தியும் கலங்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

கொஞ்சம் பெரிய படமாகப் போட்டுச் சட்டம் அடித்து மாட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அண்ணனுடைய நல்ல படம் ஒன்றைப் பாய் தனக்குத் தெரிந்த பிரேம் கடைக்குப் போனில் அனுப்பினார். கூடவே குரலும் பதிந்து அனுப்பினார். குரல் தழுதழுத்திருக்கிறது. "தம்பி, இவுக எங்களுக்கு எம்புட்டு வேண்டியவுகன்னு சொல்லத் தெரியல. ஒரு கொறை இல்லாமப் பண்ணிரு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அண்ணன் முதன்முதலாகக் கடைக்கு வந்த ஞாயிறு, அவர் மனைவியும் கூட வந்தார், எனக்கு மதினி. தனியாக பஸ்ஸில் விட மனசில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டோம். பாய் செய்தித்தாள் சுற்றிய படத்தைக் கொண்டுவந்து அண்ணன் கையிலேயே கொடுத்தார். "பிரிங்க, பிரிங்க."

அண்ணன் பிரித்தார். கறுப்புச் சட்டம். உள்ளே அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு. சட்டத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி சீரியல் பல்பு, பிளக் வயரோடு. கீழே 'தோற்றம்' என்று ஒரு வரி, 'மறைவு' என்று ஒரு வரி. இரண்டுக்கும் எதிரே வெறும் இடம். பிரேம் கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதம் வேறு ஒட்டியிருந்தார்: தேதி சொல்லவில்லை, இடம் விட்டிருக்கிறேன்.

அண்ணன்தான் பேசினார். "பல்பு நல்லாருக்கு" என்றார்.

மதினி படத்தைப் பிடுங்கித் திருப்பிச் சாத்தினார். "மண்டபத்துல ஏத்துறோம் மதினி, பெரிய மரியாத..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஒரு மனுசன நாலு பேரு சேந்து ஏத்துறதுக்கு எங்க ஊர்ல வேற பேரு தம்பி" என்றார். அண்ணன் கையைப் பிடித்தார். "வாங்க, போவோம்."

யாருடைய வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்றே சொல்கிற மனுஷி. அன்றைக்கு அந்தச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எங்களையல்ல, சுவரை.

அதற்குப் பிறகு அண்ணன் வரவில்லை. போன் போட்டால் மதினி எடுப்பார். "தூங்குறாக." மறுபடி போட்டால், "குளிக்கிறாக." கடைசியில் ஒரு நாள் மனசைத் திறந்துவிட்டார். "ஒங்க மேல கோவமில்ல தம்பி. அந்தப் படத்துல ஒரு எடம் விட்டு வச்சிருக்கான்ல, அது தொறந்து கெடக்கு. ராவும் பகலும் எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள நிக்கிது. அது தொறந்து கெடக்கிற வரைக்கும் இவுகள நான் அந்தப் பக்கம் விடமாட்டேன்."

படம் என் கடையில் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் முகம் திருப்பி நின்றது. கிழிக்கவும் முடியாது, மாட்டவும் முடியாது. கிழித்தால் அபசகுனம், மாட்டினால் அதைவிட. பிரேம் கடைக்காரரையும் குறை சொல்ல வழியில்லை. எங்கள் பக்கம் ஒற்றை ஆள் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டால் எதற்கென்று யாரும் கேட்பதில்லை. "நான் அழுது தொலச்சேன், அவன் நம்பித் தொலச்சான்" என்றார் பாய். தம்பி ஞாயிறு வந்தான், கொஞ்ச நேரம் இருந்தான், போனான். யாருக்கு வாதாடினாலும் மறுத்துப் பேச ஆளில்லாமல் வாதாட முடியவில்லை.

"நேர்ல போவோம்யா. கால்ல விழுந்தாலும் சரி" என்று பாய் ஒரு ஞாயிறு கிளம்பிவிட்டார். படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு நானும் அவரும் பரளச்சி பஸ் ஏறினோம். துண்டு விலகிச் சட்டத்தின் மூலையும் ஒரு பல்பும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டு, தணிந்த குரலில், "எப்ப ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகலய்யா! கல்லு மாதிரி இருக்காக!" என்று பாய் கத்தியதில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

மதினி வாசலில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில். கிடார் ஆணியில் தொங்கியது, உறைகூடக் கழற்றவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மதினி பார்த்த பார்வையில் உட்கார்ந்துகொண்டார்.

பாய் படத்தை மதினி காலடியில் வைத்தார். "தங்கச்சி, இத என்ன செய்யணும்னு ஒனக்குத்தான் தெரியும்."

மதினி அரிவாள் நுனியால் சட்டத்தின் ஆணிகளை நெம்பினார். படத்தை வெளியே எடுத்தார். கத்தரிக்கோலால் அடியில் இருந்த அந்த இரண்டு வரியை, வெறும் இடத்தோடு சேர்த்து, பட்டையாக வெட்டினார். அதை அடுப்பில் சொருகி, கருகி முடிகிற வரைக்கும் நின்று பார்த்தார். முந்தானையை நனைத்து நெற்றிப் பொட்டைத் துடைத்தார். அச்சில் வந்த பொட்டு, போகவில்லை. விரலால் மறைத்துக்கொண்டு ஒரு கணம் அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு அரிசி டிரம்மைத் திறந்து படத்தை அரிசிக்குள் புதைத்தார். "இங்க கெடக்கட்டும். தெனமும் கை படுற எடம்."

காப்பி வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது மதினி கேட்டார். "சரி, இவுகள அதுல ஏத்தணும்னு எத வச்சு முடிவு பண்ணீக?"

நான் பியூஸ் போன கதையைச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா ஒங்களுக்குத் தெரிஞ்சது?" என்றார் மதினி. "என் மகன் கைப்பிள்ளையா இருக்கயில இவுக ஸ்பீக்கர் பெட்டி மேல சாச்சாத்தான் தூங்குவான். ஊரே ஆடிக்கிட்டு இருக்கும், அவன் அந்த அதுருல தூங்குவான். இன்னைக்கும் பஸ்ஸுல எஞ்சின் பக்கத்துல உக்காந்தாத்தான் அவனுக்குக் கண்ணு சொருகுது. இவுக வாசிக்கிறது காதுல கேக்காது தம்பி, நெஞ்சுக்குழியில கேக்கும்." நெஞ்சு என்ற சொல் வந்ததும் அவரே நிறுத்திக்கொண்டார். பிறகு எழுந்து போய்ப் பீரோவிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தார்.

"ஏ, அத எதுக்கு எடுக்கிற?" என்றார் அண்ணன்.

"கேக்காகள்ல? காட்டுறேன். வரவேற்புல இவுக குழுதான் கச்சேரி. இவுக எடத்துல வாசிக்க வாரேன்னு சொன்ன ஆளு வரல. 'ஒரே ஒரு பாட்டு, இந்தா வந்துட்டேன்'னு மாலையக் கழத்தி நாக்காலியில போட்டுட்டுப் போனவுகதான். சாப்பாட்டுப் பந்தி முடியிற வரைக்கும் வரல. வந்தவுக பூராம் எங்கிட்ட மட்டும் பரிசக் குடுத்துட்டு, மாப்ள எங்கன்னு கேட்டுட்டுப் போறாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு..."

படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். பட்டுச் சேலையில் மதினி, உம்மென்று. பக்கத்தில் காலி நாற்காலி, அதில் ஒரு ரோஜா மாலை. பின்னால் பாடகர் மைக்கோடு முன்னுக்கு வந்து மறைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பட்டுச் சட்டையின் முழங்கை. ஒரு கிடாரின் கழுத்து.

பாய் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "யா அல்லா. முழங்கை!"

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். நான் சிரித்தேன். மதினிக்கு விளங்கவில்லை; எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேசட் உறையைப் பற்றியும், வருடக்கணக்கில் பெண்டிங்கில் கிடக்கிற மனுவைப் பற்றியும் சொன்னோம். கேட்டு முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மதுரையிலிருந்து வந்த பிறகு மதினி சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அண்ணன் பிறகு சொன்னார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். "இதுல இவுக மூஞ்சி இல்ல" என்றார் மெதுவாக. "மூஞ்சி இல்லாத படத்துக்கு எவனும் பொட்டு வைக்க முடியாது." ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து படத்தை உருவி என்னிடம் நீட்டினார். "இத ஒட்டுங்க. சட்டம் போடக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது."

"ஒங்க மூஞ்சி முழுசா இருக்கே மதினி?"

"இருக்கட்டும். எனக்கு என்ன கேடு? அந்த மண்டபத்துல ஒரு பொம்பளையாச்சும் இருக்காளா?"

நாங்கள் யோசித்துப் பார்த்தோம். இல்லை.

"ஒரு கண்டிசன்" என்றார் அண்ணன். எல்லோரும் அவரைப் பார்த்தோம். "மொதல்ல அவரு ஏறணும். பெறகுதான் நான்."

அடுத்த ஞாயிறு இருவரும் கிடாரோடு வந்தார்கள். தம்பி திருச்சுழியிலிருந்து சீக்கிரமே வந்து மைதாப் பசை காய்ச்சியிருந்தான். கேசட் உறையில் மற்ற நாலு பேரையும் வெட்டி எறிந்துவிடலாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. "வேணாம். அவுக நடுவுல நிக்கிறதாலதான் இவரு ஓரத்துக்குப் போனாருன்னு தெரியும்" என்றார் அண்ணன். அப்படியே ஒட்டினோம். முழங்கைக்காரர் ஏறினார். அவருக்குப் பக்கத்தில் மதினியையும் காலி நாற்காலியையும் ஒட்டினோம். பாய் பசை காய்கிற வரைக்கும் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊர்ப் பொங்கலுக்கு ஸ்பீக்கர் பேச ஓர் இளவட்டம் அந்த நேரம் உள்ளே வந்தார். முன்பணம் பேசி முடித்துவிட்டு வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார்.

"இது யாருண்ணே, கல்யாணப் பொண்ணு? மாப்ள எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், பெட்டி ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்திருந்த மதினி சொன்னார். "நல்லாப் பாருங்க. பின்னால வாசிச்சிக்கிட்டு இருக்காக."

அந்த நேரம் பார்த்து அண்ணன் கிடார் வயரைச் சொருகிக் கனத்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். மதினிக்கு அடியில் பெட்டி அதிர்ந்தது. அவர் இறங்கவில்லை.